மருத்துவமனை சிமுலேஷன்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவமனைக்கு நோயாளிகள் வருவதையும் படுக்கைகள் நிரம்புவதையும் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பதுதான் சிமுலேஷன். புதிதாக அதைப் பழகுகிறவர்களின் மாடல்களைச் சரிபார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கோடிங் பிழைகளை விட்டுவிடுகிறேன், அவை எப்படியும் மாட்டிக்கொள்ளும்.

காலி மருத்துவமனையில் தொடங்குவது

மாடல் ஓடத் தொடங்கும்போது எல்லாப் படுக்கையும் காலியாக இருக்கும், நிஜத்தில் அப்படி இருக்காது. அதனால் மாடலில் ஓடும் முதல் சில வாரங்களின் எண்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எல்லாப் படுக்கைகளையும் ஒரே குவியலாக்குவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். 1999இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சிமுலேஷன் ஆய்வு வந்தது. சராசரியாக 85 சதவீதத்துக்கு மேல் படுக்கைகள் நிரம்பினால் அவசர நோயாளிக்கு இடமில்லாமல் போகும் அபாயம் தலைகாட்டும், 90ஐத் தொட்டால் தட்டுப்பாடு வாடிக்கையாகிவிடும் என்றது. நல்ல ஆய்வுதான். ஆனால் அது ஒரு கற்பனை மருத்துவமனையின் மொத்தப் படுக்கைகளுக்குப் போட்ட கணக்கு. அந்த 85ஐ எடுத்து எல்லா வார்டுக்கும் பூசிவிடுகிறார்கள்.

100 படுக்கைகள் இருக்கின்றன, ஒரு நேரத்தில் சராசரியாக 85 படுக்கைகள் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளிகள் முன்பின்னாக வருவார்கள், இடமில்லாதவர் வேறு இடம் போவார். அப்போது நூறு பேரில் சுமார் ஒருவர்தான் திரும்பிப் போவார். அதே விகிதத்தில் 10 படுக்கை ஐசியு, தேவை 8.5 என்றால்? நூற்றுக்கு 14 பேர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காக டென்மார்க் கணித நிபுணர் எர்லாங் 1917இல் வெளியிட்ட சூத்திரத்திலேயே இந்த விடை வந்துவிடும், கம்ப்யூட்டர்கூட வேண்டாம்.

ஒரு மருத்துவமனைக்காக ஒரு தம்பி செய்த மாடலில் ஐசியு, பிரசவ வார்டு, எலும்பு வார்டு எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. திரை முழுக்கப் பச்சை, அதாவது எங்கும் தட்டுப்பாடு இல்லை. “பிரசவ வார்டில் கட்டில் காலிதான். வென்டிலேட்டர் நோயாளியை அங்கே போடட்டுமா?” என்று ஐசியு சிஸ்டர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அப்புறமும் அந்த மாடலைக் காட்டித்தான் பணம் ஒதுக்கினார்கள். புதுக் கட்டில்கள் எல்லாம் பொது வார்டுக்குப் போயின, ஐசியுவுக்கு ஒன்றுகூட வரவில்லை.

தங்கும் நாளுக்குச் சராசரியை மட்டும் போடுவது

பெரும்பாலோர் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போவார்கள், சிலர் மாதக்கணக்கில் படுத்திருப்பார்கள். நெரிசல் வருவதே அந்தச் சிலரால்தான். எத்தனை பேர் எத்தனை நாள் தங்குகிறார்கள் என்ற முழுப் பரவலையும் மாடலுக்குக் கொடுங்கள்.

ஒரே ஒரு ஓட்டம்

மாடலை ஒரு தடவை மட்டும் ஓட்டி விடையை நம்பக் கூடாது. ஒவ்வொரு ஓட்டத்திலும் விடை மாறும், பல தடவை ஓட்டிப் பாருங்கள்.

பதிவேட்டையே தேவை என்று நம்புவது

பதிவேட்டில் இருப்பது அட்மிட் ஆனவர்கள் மட்டும். இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர் அதில் இருக்கமாட்டார். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள். எந்த மருத்துவமனைக்குப் போன வண்டி எங்கே திருப்பி விடப்பட்டது என்பது அங்கே நேரத்தோடு இருக்கும்.