இடதுசாரி, முற்போக்கு என்று கதைக்கும்போது நாம் விடும் பிழைகள்

2024 நவம்பரில், ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) தலைமையிலான தேசிய மக்கள் சக்தி வென்ற இலங்கைப் பொதுத் தேர்தல் முடிந்த கிழமை, கொழும்பு ஹெவ்லொக் வீதியில் பஸ்ஸில் போகும்போது என் மருமகன் கேட்டான்: “மாமா, இவங்கள் இடதுசாரிதானே? இடதுசாரி எண்டால் எங்களுக்கு நல்லதா, கெட்டதா?” அவனுக்கு ஒரு வரிப் பதில் வேண்டும். எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டிருந்தால் ஒரு வரிப் பதில்தான் கிடைத்திருக்கும். “எல்லாரும் எங்களைக் காட்டிக்கொடுத்தவங்கள்” என்பது ஒன்று, பழைய சமசமாஜத் தலைவர்களை நினைத்து “என்.எம்., கொல்வின் மாதிரி ஆக்கள் இனிப் பிறக்கமாட்டினம்” என்பது மற்றது. இரண்டையும் ஒரே ஆள் ஒரே பின்னேரத்தில் சொல்லிக் கேட்டிருக்கிறேன், தேத்தண்ணீர் ஆறுவதற்கு முன்பே.

இதுதான் முதல் பிழை, மற்ற எல்லாப் பிழைகளுக்கும் தாய்ப் பிழையும்கூட: ஆண்டைச் சொல்லாமல் கதைப்பது. எந்தக் கட்சி, எந்த ஆண்டு என்று கேட்காமல் ‘இடதுசாரி’ என்று சொன்னால் அந்தச் சொல்லுக்குள் எதையும் போட்டு மூடிவிடலாம்.

அவனுக்குப் பஸ் ஜன்னலால் ஹெவ்லொக் சிட்டி மாடிகளைக் காட்டினேன். அந்தக் காணியில் ஒரு காலத்தில் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்தது. 1933இல் அங்கே பெரிய வேலைநிறுத்தம். தொழிலாளரில் நிறையப் பேர் மலையாளிகள். அப்போது கொழும்பில் தொழிலாளர் தலைவர் என்றால் ஏ.ஈ. குணசிங்கதான், 1922இல் தொழிற்சங்கம் அமைத்து, 1923இல் நகரையே நிறுத்திய பொது வேலைநிறுத்தத்தை நடத்தியவர், எல்லாருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று பெரிய மனிதர்கள் எல்லாம் முகம் சுளித்த காலத்திலேயே கேட்டவர். ஆனால் அந்த வேலைநிறுத்தத்தில் அவர் தொழிலாளர் பக்கம் நிற்கவில்லை. பொருளாதார நெருக்கடி இறுகிய அந்த ஆண்டுகளில் அவருடைய பேச்சு முதலாளியை விட்டு மலையாளி மீது திரும்பியிருந்தது. வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர்கள் கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1935 டிசம்பரில், லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்களும் அவர்கள்தான். ஆக 1923 குணசிங்கவை வைத்து 1933 குணசிங்கவை அளக்கமுடியாது. முற்போக்கு என்பது ஒருமுறை குத்தினால் சாகும்வரை அழியாத பச்சை என்று நினைப்பது இரண்டாவது பிழை.

இந்தப் பிழைக்கு நாங்கள் கொடுத்த விலை கொல்வின் விஷயத்தில்தான் நன்றாகத் தெரிகிறது. யூனியன் பிளேஸ் என்று எல்லாரும் சொல்லும் தெருவுக்குப் பெயர்ப்பலகையில் இப்போது அவருடைய பெயர். 1948இல் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டம் வந்தபோது சமசமாஜிகள் நாடாளுமன்றத்தில் எதிர்த்துப் பேசினார்கள், எதிர்த்து வாக்களித்தார்கள். அதே ஆண்டு தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் அதே அரசாங்கத்தில் அமைச்சராகப் போய்ச் சேர்ந்தார் என்பதையும், அதனால்தான் செல்வநாயகம் 1949இல் பிரிந்து தனிக் கட்சி கண்டார் என்பதையும் ‘காட்டிக்கொடுத்தவங்கள்’ பட்டியல் போடுகிறவர்கள் ஏனோ வசதியாக விட்டுவிடுவார்கள். 1953 ஓகஸ்ட் 12 ஹர்த்தால்: ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியதற்கு எதிராக இடதுசாரிகள் அழைத்தார்கள், நாடு நின்றது, அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ஒரு பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூட்டம் போட்டது, இரண்டு மாதத்தில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது ‘ஒரு மொழி என்றால் இரு நாடு, இரு மொழி என்றால் ஒரு நாடு’ என்ற பொருளில் கொல்வின் எச்சரித்ததை இன்றைக்கும் ஆட்கள் மேற்கோள் காட்டுகிறார்கள்.

சரி, அப்புறம்?

1964இல் சமசமாஜக் கட்சி பிரதமர் சிறிமாவோவின் அரசாங்கத்தில் சேர்ந்தது, என்.எம். பெரேரா நிதி அமைச்சரானார், ட்ரொட்ஸ்கியவாதிகளின் உலக அமைப்பான நான்காம் அகிலம் கட்சியை வெளியேற்றியது. 1966 ஜனவரியில் தமிழ் மொழிக்கு ஏதோ கொஞ்சம் இடம் கொடுக்க ஒழுங்குவிதிகள் வந்தபோது அவற்றை எதிர்த்துக் கொழும்புத் தெருவில் இறங்கியவர்களில் இதே இடதுசாரிக் கட்சிகளும் உண்டு. டட்லியின் வயிற்றில் மசாலா வடை என்று ஒரு கோஷம் அந்தக் காலத்துக்குரியது. வடையைத் தின்பதிலும் இனத்தைக் கண்டுபிடித்தார்களே என்று என் அப்பா ஒரு ஐம்பது வருடமாவது சொல்லிச் சிரித்திருப்பார். சிரிப்பு என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பிறகு 1972 அரசியலமைப்பு. அதற்குப் பொறுப்பான அமைச்சர் கொல்வின். பௌத்தத்துக்கு முதன்மை இடம், சிங்களம் மட்டும் ஆட்சிமொழி, சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த பழைய 29ஆம் பிரிவு இல்லை. எச்சரித்த வாயும் எழுதிய கையும் ஒரே மனிதருடையவை, நடுவில் 16 ஆண்டுகள்.

இந்த இடத்தில் நிறுத்தி ‘பார்த்தியா, எல்லாரும் அப்படித்தான்’ என்று முடிப்பவர்கள் அடுத்த பிழையை விடுகிறார்கள்: கட்சி திரும்பினால் எல்லாரும் கூடவே திரும்பினார்கள் என்று எடுத்துக்கொள்வது. 1964இல் எட்மண்ட் சமரக்கொடியும் மெரில் பெர்னாண்டோவும் திரும்பவில்லை, கூட்டுக்குப் போக மறுத்துப் பிரிந்தார்கள். அந்த டிசம்பரில் சிறிமாவோ அரசாங்கம் ஒரே ஒரு வாக்கால் தோற்றபோது எதிராக விழுந்த வாக்குகளில் இரண்டு அவர்களுடையவை. அதே பக்கம் நின்ற பாலா தம்பு 1948இலிருந்து 2014இல் இறக்கும்வரை வணிகத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளராகவே இருந்தார். சிங்களத் தொழிலாளர் ஒரு தமிழரை அத்தனை காலம் தலைவராக வைத்திருந்தது சின்ன விஷயமா என்ன?

‘கம்யூனிஸ்ட்’ என்ற சொல்லால் எல்லாரையும் கூட்டி அள்ளுவதும் இதோடு சேர்த்தி. சமசமாஜிகள் ஸ்டாலினோடு மோதிய ட்ரொட்ஸ்கியைப் பின்பற்றியவர்கள். 1940இல் ஸ்டாலின் ஆதரவாளர்களை வெளியேற்றினார்கள், அப்படி வெளியேறியவர்கள் 1943இல் கம்யூனிஸ்ட் கட்சி அமைத்தார்கள், அது மறுபடி 1960களில் மொஸ்கோ என்றும் பீக்கிங் என்றும் உடைந்தது. பீக்கிங் பக்கத் தலைவர் ஒரு தமிழர், நா. சண்முகதாசன். வெளியில் இருந்து பார்த்தால் இது தலைமுடியைப் பிளக்கிற சண்டை. ஆனால் யாழ்ப்பாணத்தில் 1966 ஒக்டோபர் 21ஆம் தேதி சுன்னாகத்திலிருந்து தீண்டாமைக்கு எதிராக ஊர்வலம் புறப்பட்டதும், பிறகு தேநீர்க் கடைகளுக்குள்ளும் மாவிட்டபுரம் கோயிலுக்குள்ளும் நுழையப் போராட்டம் நடந்ததும் அந்தப் பிரிவின் வேலைதான். தேநீர்க் கடை வாசலில் போத்தலில் தேநீர் வாங்கிக் குடித்தவருக்கு இது முடி பிளக்கிற சண்டையாகத் தெரிந்திருக்காது. கடை எங்களுடையது, கோயில் எங்களுடையது, தடுத்தவர்களும் நாங்கள்தான். முற்போக்கு பற்றிக் கதைக்கும்போது கணக்கைச் சிங்களவரிடம் மட்டும் கேட்பது கொழும்புத் தமிழருக்குப் பிடித்தமான பிழை என்பேன்.

‘இதெல்லாம் வெளியில் இருந்து வந்த சரக்கு’ என்று சொல்வதும் உண்டு. பாதி உண்மை. இடது, வலது என்ற சொற்களே 1789இல் பிரெஞ்சுச் சபையில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதிலிருந்து வந்தவை. என்.எம். லண்டன் பொருளியல் கல்லூரியில் ஹரோல்ட் லாஸ்கியிடம் படித்தவர். அந்தக் கல்லூரியை 1895இல் தொடங்கியவர்கள் பேபியன்கள், புரட்சி வேண்டாம், சட்டமும் சபையும் போதும், மெல்ல மெல்லப் போவோம் என்றவர்கள். ஆனால் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1924இலேயே தொடங்கிவிட்டது, சமசமாஜக் கட்சிக்குப் பதினொரு ஆண்டு முன்பு. முழுச் சுயராச்சியம் இல்லை என்று சொல்லி 1931 தேர்தலையே பகிஷ்கரித்தார்கள், வடக்கின் நான்கு ஆசனங்கள் 1934வரை காலியாகக் கிடந்தன. பகிஷ்கரிப்பு சரியா என்பது வேறு கதை. அதே 1931இல்தான் இலங்கையின் ஆண் பெண் எல்லாருக்கும் முதல் வாக்கு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் அந்தச் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தவர். அவரும் நமது பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை.

வெளிநாட்டில் ‘முற்போக்கு’ என்ற பெயர்ப்பலகையைப் பார்த்து உள்ளே போகிறவர்களும் கவனம். அமெரிக்காவில் 1912இல் தியடோர் ரூஸ்வெல்ட் முற்போக்குக் கட்சி என்றே பெயர் வைத்துப் போட்டியிட்டார். பெரிய கம்பனிகளை அடக்கு, பெண்களுக்கு வாக்குக் கொடு என்றெல்லாம் நல்ல கோரிக்கைகள். அதே காலத்து முற்போக்குவாதிகளில் பலர் ‘தகுதியற்றவர்’ பிள்ளை பெறக்கூடாது என்ற கொள்கையையும் விஞ்ஞானம் என்று நம்பினார்கள். கட்டாயக் கருத்தடைச் சட்டம் இண்டியானாவில் 1907இலேயே வந்துவிட்டது. அங்கே ‘லிபரல்’ என்றால் இடது பக்கம், ஐரோப்பாவில் பெரும்பாலும் சந்தைப் பக்கம். மொழிபெயர்த்துப் பகிர்கிறவர்கள் இதில் அடிக்கடி சறுக்குகிறார்கள்.

இலக்கியத்தில் முற்போக்கு என்று ஒரு தனிச் சண்டையே உண்டு. 1954இல் முற்போக்கு எழுத்தாளர் சங்கம், அதிலிருந்து முறைத்துக்கொண்டு போன எழுத்தாளர் எஸ்.பொ.வின் ‘நற்போக்கு’. அதற்குள் இறங்கினால் இன்றைக்கு வீடு போய்ச் சேரமாட்டோம்.

மருமகனின் கேள்விக்கு வருகிறேன். ஜே.வி.பி. என்றாலும் ஆண்டு கேட்கவேண்டும். 1971 கிளர்ச்சிக்கு முன் அவர்கள் தங்கள் ஆட்களுக்கு நடத்திய ஐந்து அரசியல் வகுப்புகளில் ஒன்று ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’. தோட்டத் தொழிலாளி அதில் தோழராக வரவில்லை, சந்தேகத்துக்குரியவராக வந்தார். 1987இல் மாகாண சபைகளுக்கு எதிராக ஆயுதம். 2006இல் வடக்கையும் கிழக்கையும் பிரித்த வழக்கைப் போட்டவர்கள் அவர்கள். 2024இல் தேசிய மக்கள் சக்தியாக 159 ஆசனம், அதில் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஆறில் மூன்று.

“நான் 2024க்குத்தான் போட்டனான், மாமா,” என்றான்.

“சரி. 2006ஐ அவங்களிட்டை ஆர் கேக்கிறது?”

கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாமன்கடையில் இறங்கும்போது, “அந்த வழக்குத் தீர்ப்பு தமிழிலை எங்கையாவது இருக்கோ?” என்று கேட்டான்.