மொபெட்டின் மைலேஜைத் தின்ற பிரேக் கேபிள்

பெட்ரோல் செலவு குறையட்டும் என்றுதான் பைக்கை விட்டுவிட்டு மொபெட்டுக்கு மாறினேன். திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு தினமும் போய்வர சுமார் 40 கிலோமீட்டர். முதல் மாதம் லிட்டருக்கு 58 கிடைத்தது. அப்புறம் 41. பழைய பைக்கே 45 கொடுத்தது!

ஸ்பார்க் பிளக் மாற்றினேன், ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்தேன், பங்க்கையும் மாற்றிப் பார்த்தேன். பத்து நாள் போனதுதான் மிச்சம். ஸ்டாண்டில் நிறுத்திச் சுற்றினால் பின் சக்கரம் தாராளமாகச் சுற்றியது. அதனால் பிரேக் மேல் சந்தேகமே வரவில்லை.

ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் பின் சக்கரத்தின் பிரேக் டிரம்மில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சுர்ரென்றது. முன் டிரம் வெறும் வெதுவெதுப்புதான். சரி என்று தம்பியை சீட்டில் உட்காரவைத்துத் தள்ளினேன். வண்டி இறுக்கமாக, கஷ்டப்பட்டுத்தான் நகர்ந்தது. சைடு பாக்ஸ் மாட்டியபோது பிரேக் கேபிளையும் சேர்த்து சட்டத்தோடு இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஆள் ஏறி சஸ்பென்ஷன் அமுங்கினால் கேபிள் இழுபட்டு, பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

கட்டியிருந்ததை வெட்டி, கேபிளைக் கொஞ்சம் தொய்வாக விட்டு, அட்ஜஸ்டர் நட்டை இரண்டு சுற்று தளர்த்தினேன். ஆளை உட்காரவைத்தே பிரேக்கைச் சரிபார்த்தேன். அடுத்த டேங்கில் லிட்டருக்கு 59. அப்பாடா!