மாநகர சபைத் தேர்தல்: பிரசாரம் எங்கே சறுக்குகிறது?

கொழும்பு மாநகர சபைக்குப் போட்டியிடுவோர் துண்டுப்பிரசுரம் எழுத உட்காரும் முன் வாக்குச்சீட்டை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். அதில் வேட்பாளரின் பெயரும் இல்லை, விருப்பு இலக்கமும் இல்லை. கட்சி அல்லது சுயேச்சைக் குழுவின் பெயர், சின்னம், ஒரு கட்டம், ஒரே புள்ளடி. நாடாளுமன்றத் தேர்தல் பழக்கத்தில் முகத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சின்னத்தை மூலையில் ஒடுக்குவதுதான் மிகப் பெரிய தவறு. வேட்பாளரை விரும்புகிறவரே வாக்களிக்கும்போது தடுமாறுவார். முன்பக்கத்தில் பாதியைச் சின்னத்துக்குக் கொடுங்கள். பக்கத்தில் புள்ளடி இட்ட கட்டம். முகம் அதற்குக் கீழே.

"இந்த வட்டாரத்தில் அவர் வெல்லமாட்டார், வாக்கு வீண்" என்ற பேச்சுக்குப் பதில் தயாராக இருக்கட்டும். 2018 தேர்தல் முதல் கலப்பு முறை: 60 வீதம் வட்டார உறுப்பினர்கள், 40 வீதம் கட்சி அல்லது குழுவின் பட்டியலிலிருந்து வருபவர்கள். ஒரே புள்ளடி இரண்டுக்கும் கணக்கில் சேரும். வட்டாரத்தில் தோற்றாலும் அந்த வாக்கு கட்சியின் மொத்தத்தில் நிற்கிறது.

அடுத்தது, சபைக்கு இல்லாத அதிகாரத்தை வாக்குறுதியாகக் கொடுப்பது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் தொடர்மாடிக்கு உறுதிப்பத்திரம் வாங்கித் தருவதாகவோ, குழாய் நீர்க் கட்டணத்தைக் குறைப்பதாகவோ மாநகர சபை உறுப்பினர் சொல்ல முடியாது. மட்டக்குளியிலும் கொட்டாஞ்சேனையிலும் மக்கள் இதை நன்றாக அறிவார்கள். அந்த ஒரு வரி மற்ற வரிகளையும் சந்தேகத்துக்குள்ளாக்கும். குப்பை, கான், தெருவிளக்கு, நூலகம் சபையின் வேலை. அதிலும் "வடிகாலைச் சீர்செய்வோம்" போதாது. எந்த ஒழுங்கை, எந்தக் கான், மழைக்காலத்துக்கு முன்னா பின்னா என்று எழுதுங்கள்.

சிங்களப் பிரசுரத்தில் ஒன்று, தமிழில் வேறொன்று சொல்லவே கூடாது. வெள்ளவத்தையில் பலர் இரண்டையும் வாசிப்பார்கள். படமெடுத்து வாட்ஸ்அப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதற்கு நேரமாகாது. தமிழை மொழிபெயர்ப்பாக ஒட்டாமல் தமிழிலேயே எழுதுவியுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியது யுனிகோடுக்கு மாறும்போது கொம்பும் புள்ளியும் இடம்மாறும். அச்சுக்குப் போகும் பிடிஎப்பைத் தமிழ் வாசிப்பவர் ஒருவர் எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும்.

வதந்திக்குப் பதிலளிக்கும்போது குற்றச்சாட்டையே தலைப்பாக்கினால், கேள்விப்படாதவரும் கேள்விப்படுவார். உண்மையை முதல் வரியில் வையுங்கள், ஆதாரத்தை அடுத்து. பிரசாரம் வாக்களிப்புக்கு 48 மணித்தியாலங்களுக்கு முன் நின்றுவிடும். பதிலைக் கடைசி நாளுக்குத் தள்ளினால் அதை வெளியிட வழியிருக்காது.