உங்கள் காணியில் யாரோ கொட்டிய குப்பை: வன்னிக் காணிக்காரர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் ஆளில்லாத வளவுகளுக்குப் பஞ்சமில்லை. சொந்தக்காரர் கொழும்பிலோ கனடாவிலோ இருப்பார். இங்கே வேலி சரிந்து, முன்பக்கம் பற்றை மூடிக் கிடக்கும். ஏ9 வீதியிலோ பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலோ போகிறவர்கள் அதைக் கவனித்து வைத்திருப்பார்கள். ஒருநாள் இரவு ஒரு பட்டா வாகனம் (சிறிய லொறி) வந்து கோழிக்கடைக் கழிவையோ இடித்த வீட்டுக் கல்லையோ இறக்கிவிட்டுப் போகும். அதை ஒரு கிழமை அப்படியே விட்டால் அடுத்த லோடும் அதே இடத்தில் விழும். மூன்றாவது லோடுக்குப் பிறகு ஊரே அதைக் குப்பை போடும் இடம் என்று பேசத் தொடங்கிவிடும்.

கொட்டியவர் யாரென்று தெரியாது. காணிக்காரர் யாரென்று கிராம அலுவலருக்குத் தெரியும். அதனால் அகற்றச் சொல்லும் கடிதம் காணிக்காரருக்குத்தான் வரும். தண்ணீர் தேங்கும் ரயர், சிரட்டை, யோகட் கோப்பை போன்றவற்றை அகற்றும் பொறுப்பை 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் காணியின் உரிமையாளர் மீதும் அங்கே இருப்பவர் மீதும் சுமத்துகிறது. முட்டையிலிருந்து நுளம்பு பறக்க ஏழு முதல் பத்து நாட்கள் போதும். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் "நான் போடேல்லை" என்று சொல்வது எடுபடாது. அவர் பார்ப்பது நுளம்புக் குடம்பிகள் நெளியும் தண்ணீரைத்தான். கொட்டியதைக் கண்ட அன்றே நீங்கள் எழுத்தில் அறிவித்திருந்தால் மட்டும்தான் உங்கள் பக்கம் பேச ஏதாவது இருக்கும்.

நெருப்பு வைத்தல்

செய்யவே கூடாத தவறு இது. ஊரில் எல்லோரும் செய்வதும் இதுதான்.

மற்ற இடங்களில் குப்பை எரித்தால் புகையும் வழக்கும்தான் வரும். வன்னியில் உயிரே போகும். போர் 2009இல் முடிந்தது. கண்ணிவெடி அகற்றும் வேலை அதற்குப் பிறகும் பல வருடங்களாகத் தொடர்கிறது. நீண்டகாலம் ஆள் நடமாட்டம் இல்லாத வளவில், சருகுக்கும் ஒரு சாண் மண்ணுக்கும் கீழே, மோட்டார் ஷெல் ஒன்றோ கைக்குண்டு ஒன்றோ கிடந்தால், மேலே மணிக்கணக்காக எரியும் குப்பையின் சூடு அதை வெடிக்க வைக்கலாம். குப்பைக்கு வைத்த தீயில் இப்படி வெடித்து ஆட்கள் காயப்பட்ட சம்பவங்கள் இந்த மாவட்டங்களில் நடந்திருக்கின்றன. கொட்டிய குவியலுக்குள்ளேயே பழைய இரும்போடு சேர்ந்து ஏதாவது வந்திருக்கவும் கூடும்.

துருப்பிடித்த உருளை, வால் சிறகு போன்ற தகடு, உருண்டையான இரும்பு எதைக் கண்டாலும் தொடவேண்டாம், தட்டிப் பார்க்கவேண்டாம். வந்த காலடியிலேயே திரும்பி, பாதையில் ஒரு தடியை நட்டுத் துணி கட்டி, 119க்கோ பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்கோ அறிவியுங்கள். அதைச் செயலிழக்கச் செய்வது அதற்கென்று பயிற்சி பெற்றவர்களின் வேலை. ஜேசிபி போட்டு ஒரேயடியாகத் தள்ளிவிடலாம் என்ற யோசனைக்கும் இதே பதில்தான். காணி கண்ணிவெடி அகற்றித் துப்புரவாக்கப்பட்டு ஒப்படைக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதி செய்த பிறகே இயந்திரத்தை உள்ளே விடுங்கள்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பிளாஸ்ரிக் உட்பட எரியக்கூடிய கழிவுகளைத் திறந்த வெளியில் எரிப்பது, தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2017இல் வந்த ஒழுங்குவிதிகளால் தடை செய்யப்பட்டிருக்கிறது. கொட்டியவர் தப்பிப் போக, எரித்தவர் பிடிபடுவார்.

முதலில் அள்ளிவிட்டுப் பிறகு முறைப்பாடு

மணம் தாங்காமல் உடனே துப்புரவு செய்துவிடுவார்கள். பொலிஸ் வந்து பார்க்கும்போது வெறும் நிலம்தான் இருக்கும். விசாரிக்க ஒன்றும் இல்லை. அள்ளுவதற்கு முன் ஒரு மணித்தியாலம் செலவழியுங்கள்.

கைபேசியில் திகதியும் இடமும் பதிவாகும்படி, வீதியில் நின்று ஒரு படம், குவியலின் நான்கு பக்கமும் நான்கு படம், சில்லுத் தடத்துக்கு ஒரு படம். தடத்துக்குப் பக்கத்தில் ஒரு அடிமட்டத்தையோ தீப்பெட்டியையோ வைத்து எடுத்தால் அகலம் தெரியும். லேண்ட் மாஸ்டரா (இரண்டு சில்லு உழவு இயந்திரம்), பெரிய உழவு இயந்திரமா, பட்டாவா என்று சொல்ல அது உதவும். அளவையும் எழுதுங்கள். குவியலின் நீளம், அகலம், உயரத்தை அடியில் அளந்து பெருக்கி மூன்றால் வகுத்தால் கன அடி கிட்டத்தட்ட வரும். 12 அடி நீளம், 8 அடி அகலம், 3 அடி உயரம் என்றால் 96 கன அடி, அதாவது ஏறக்குறைய ஒரு கியூப் (100 கன அடி), ஒரு உழவு இயந்திரப் பெட்டி. "கொஞ்சம் குப்பை" என்று எழுதிய முறைப்பாட்டுக்கும் "ஒரு பெட்டி லோட்" என்று எழுதியதற்கும் கிடைக்கும் கவனம் வேறு.

பிறகு பைகளைப் பாருங்கள். தடித்த கையுறை, முழங்கால் வரை சப்பாத்து, நீளப்பிடி விறாண்டி மூன்றும் வேண்டும். எலி சேர்ந்த குவியலில் புடையன் பாம்பு இருக்கும்; கையை விடாதீர்கள். விறாண்டியால் பையின் அடிப்பக்கத்தைக் கிழித்து, உள்ளே இருப்பதை நிலத்தில் பரப்புங்கள். கடைப் பற்றுச்சீட்டு, மின்பட்டியல், பார்சல் மேலுறை, மருந்துச் சீட்டு, பிள்ளையின் கொப்பி மட்டை என்று பெயரோ விலாசமோ உள்ள ஏதாவது அகப்படும். கிடந்த இடத்திலேயே படம் எடுத்துவிட்டு, தனிப் பையில் போட்டு வையுங்கள். ஊசி, இரத்தம் பட்ட பஞ்சு, சேலைன் குழாய் தெரிந்தால் அதோடு நிறுத்திவிட்டு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவியுங்கள்.

அந்தச் சீட்டில் உள்ள பெயர்காரர்தான் கொட்டினார் என்று முடிவு கட்டுவதும் தவறு. பலர் கூலி கொடுத்து உழவு இயந்திரக்காரரிடம் ஏற்றி விடுகிறார்கள். அவர் எங்கே கொட்டினார் என்று இவர்களுக்குத் தெரியாது. "உங்கட குப்பையை ஆர் ஏத்தினது?" என்று கேட்டால் பதில் வரும். பேஸ்புக்கில் படத்தையும் பெயரையும் போட்டால் அந்தக் கதவு மூடிவிடும், ஆள் தவறாக இருந்தால் வழக்கும் உங்கள் மேல்தான் வரும். குப்பையை ஏற்றிப்போய் அவர் படலையில் கொட்டுவது இதைவிட மோசம். அதோடு நீங்களும் அதே குற்றம் செய்தவர் ஆகிவிடுவீர்கள்.

வாகனத்தை நேரே கண்டால் மறிக்கப் போகவேண்டாம். இலக்கத்தகட்டைப் படம் எடுங்கள். உழவு இயந்திரம் என்றால் இயந்திரத்துக்கு ஒரு இலக்கமும் பெட்டிக்கு ஒரு இலக்கமும் இருக்கும். இரண்டும் வேண்டும்.

யாருடைய நிலம் என்று பாராமல் அலைதல்

வேலிக்கு வெளியே கிடக்கும் குப்பை உங்கள் காணியில் இல்லை. ஏ, பி தர வீதிகளின் ஓரம் வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையது. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தினுடையவை. உள் வீதிகள் பிரதேச சபைக்குரியவை. வாய்க்கால் கரை என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம் அல்லது கமநல சேவைகள் நிலையம். எல்லைக்கல்லைத் தேடிப் பிடியுங்கள், நில அளவைப் படத்தைப் பாருங்கள். வீதிக் குப்பையை அள்ளுவது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி சபையின் கடமை. உங்கள் உறுதிக் காணிக்குள் அல்லது அனுமதிப்பத்திரக் காணிக்குள் கிடப்பதை அகற்றுவது உங்கள் பொறுப்பு. சபையின் உழவு இயந்திரத்தைக் கட்டணம் கட்டிக் கேட்டுப் பாருங்கள்.

வாயால் சொன்ன முறைப்பாடு

"சபைக்குச் சொன்னனான், ஒண்டும் செய்யேல்லை" என்பவர்களிடம் கடிதப் பிரதி இருக்காது. இரண்டு பிரதி எழுதி, ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். போக முடியாதவர் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருக்கலாம். பிரதேச சபை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பொலிஸ், கிராம அலுவலர் நால்வருக்கும் ஒரே கடிதம், ஒரே நாளில். பொலிஸில் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதுங்கள். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் கையெழுத்து வைக்கவேண்டாம். 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தத்துக்குப் பிறகு வடக்கில் நிர்வாக மொழி தமிழ். தமிழில் எழுதக் கேட்பது உங்கள் உரிமை.

காணிக்காரர் வெளிநாட்டில் என்றால் பராமரிப்பவர் கையில் குறைந்தது ஒரு அதிகாரக் கடிதமாவது இருக்கவேண்டும். அற்றோணித் தத்துவம் இருந்தால் இன்னும் நல்லது. இல்லாவிட்டால் "நீங்கள் ஆர்?" என்ற கேள்வியோடு திரும்பி வர வேண்டியதுதான்.

பதில் வராவிட்டால் சத்தம் போட்டுப் பயனில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "இன்ன திகதியில் தந்த முறைப்பாட்டுக்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்" என்று எழுதிக் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். ஆள் யாரென்று தெரிந்து, பொலிஸார் மத்தியஸ்த சபைக்கு அனுப்பினால் போங்கள். ஆனால் "இனிச் செய்யமாட்டன்" என்ற வாய்ச்சொல்லோடு எழும்பிவிடாதீர்கள். எந்தத் திகதிக்குள் யார் செலவில் அள்ளுவது என்று தாளில் வரட்டும். தொல்லை பொதுமக்களைப் பாதித்தால், அதை அகற்றும்படி நீதவான் கட்டளையிட 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைக் கோவையின் 98ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்தக் கட்டளை காணி வைத்திருப்பவருக்கு எதிராகவும் வரலாம் என்பதை மறக்கவேண்டாம்.

புதைத்தலும் இலவச மண்ணும்

கலப்புக் குப்பையைக் கிடங்கு வெட்டி மூடினால், மாரியில் நிலத்தடி நீர் மேலே வரும்போது உங்கள் கிணற்றுக்கே திரும்பி வரும். கோழிக்கடைக் கழிவு மட்டும் என்றால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு, அவர் சொல்லும் அளவுக்குக் கிணறுகளிலிருந்து விலகிய மேட்டு நிலத்தில், நாலு அடிக் கிடங்கில் சுண்ணாம்பு தூவி, மேலே இரண்டு அடி மண் போட்டு மிதித்து மூடலாம். மழை நாளில் வேண்டாம். உடைந்த அஸ்பெஸ்டஸ் கூரைச் சீற் வந்திருந்தால் மேலும் உடைக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து, பொலித்தீனில் சுற்றி வையுங்கள். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.

பள்ளக் காணிக்காரருக்கு ஒரு எச்சரிக்கை. "சும்மா மண் போட்டு நிரவித் தாறம்" என்று வருபவர் கொண்டு வருவது பெரும்பாலும் கல்லும் ரைல்ஸும் பொலித்தீனும்தான். தலையாட்டிவிட்டால் பிறகு அத்துமீறல் என்று முறையிட முடியாது. முதல் லோடை நின்று பாருங்கள், எதைப் போடலாம் என்று எழுதி வாங்குங்கள்.

"குப்பை கொட்டாதீர்" பலகை மட்டும் போதாது

பலகை யாரையும் நிறுத்தியதில்லை. வாகனம் உள்ளே வர முடியாதபடி செய்வதுதான் நிறுத்தும். வீதிப் பக்கத்தில் 10 அடி அகலத்துக்குப் பற்றையை வெட்டினாலே மறைவு போய்விடும். கடப்பு இருந்த இடத்தில் இரண்டு கொங்கிறீற் தூண் நட்டு, 8 அடிக்கு ஒன்றாக மற்றத் தூண்களை இறக்கி, ஐந்து வரி முட்கம்பி இழுங்கள். காசு தட்டுப்பாடு என்றால் வீதிப் பக்கத்தை மட்டும் முதலில் அடையுங்கள். பின்பக்கத்தால் லோட் வராது. கிளுவையோ பூவரசோ கதியால் நடுவதற்கு ஐப்பசி முதல் மழைதான் நேரம். ஒரு முழ இடைவெளியில் நெருக்கி நட்டால் அடுத்த மாரிக்குள் அது வேலியாக நிற்கும்.

முன்வீட்டுக்காரரிடம் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து வையுங்கள். அவர்கள் ஒழுங்கைக்குச் சபையின் குப்பை வண்டி எந்த நாளில் வருகிறது என்றும் கேளுங்கள். வருவதே இல்லை என்றால், உங்கள் வளவில் விழுவதில் ஒரு பங்கு அந்த ஒழுங்கையின் குப்பைதான். அடுத்த கடிதத்தில் அந்த வீதியையும் சேகரிப்பில் சேர்க்கும்படி அயலவர் பத்துப் பேரின் கையெழுத்தோடு கேளுங்கள்.