செட்டிநாட்டு வீட்டைப் புதுப்பிக்கும்போது சிமெண்டும் ஏசியும் செய்கிற வேலை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டைச் சரிசெய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் செலவழிக்கிறார்கள்: முதலில் பெயிண்ட், அப்புறம் ஏசி, பணம் மிச்சமிருந்தால் ஒழுகுகிற கூரை. இது தலைகீழ் வரிசை. தடித்த சுவர், வளவு எனப்படும் திறந்த நடு முற்றம், அடுக்கடுக்காய் வேய்ந்த நாட்டு ஓடு எல்லாம் சேர்ந்துதான் அந்த வீட்டைக் குளுமையாக வைத்திருக்கின்றன. அதில் ஒன்றைக் கெடுத்துவிட்டால், பெரிய ஏசி போட்டும் கரண்ட் பில் ஏறுவதுதான் மிச்சம்.

பெரிய தவறு சுவரில் நடக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தைக் கொத்தியெடுத்து, சிமெண்ட் கலவை பூசி, மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடிப்பார்கள். ஆறு மாதம் பளிச்சென்று இருக்கும். அடித்தளத்திலிருந்து செங்கல் வழியே ஏறுகிற ஈரம் சுண்ணாம்புப் பூச்சில் பரவி ஆவியாகிவிடும். சிமெண்ட் அதற்கு வழிவிடாது. வழி தேடி ஈரம் இன்னும் மேலே ஏறும், பூச்சுக்குப் பின்னால் உப்பு பூக்கும். ஓரிரு மழைக்காலம் போனதும் சுவரைத் தட்டினால் பொத்தென்று கேட்கும். ஈரமான சுவர் சூட்டையும் எளிதில் உள்ளே கடத்தும்.

பூசுவதற்கு முன் ஓர் அடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் 2 நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் நீர் கோத்தால் ஈரம் சுவரிலிருந்தே வருகிறது. பூச்சு வேலையை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடவேண்டும். தெருவில் தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்து, மழைநீர் திண்ணைப் பக்கம் திரும்பியிருக்கலாம். வளவுத் தண்ணீர் போகும் தூம்பு மண்ணடைத்திருக்கலாம். அதைச் சரிசெய்து சுவர் காய்ந்த பிறகு, நன்றாக நீற்றி 15 நாளாவது ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, மணலும் செங்கல் தூளும் சேர்த்து 3 பங்கு. கடுக்காய் ஊறிய நீரில் குழைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். ஒரு பூச்சு 12 மி.மீ.க்கு மேல் வேண்டாம். ஈரச் சாக்கு போட்டு ஒரு வாரமாவது காயவிடாமல் காக்கவேண்டும். அவசரப்படும் கொத்தனார் "கொஞ்சம் சிமெண்ட் சேர்த்துக்கலாம்" என்பார். சேர்க்கவிடாதீர்கள்.

அடுத்தது வளவு. குரங்கும் மழையும் வருகின்றன என்று பாலிகார்பனேட் தாளால் முழுசாக மூடிவிடுகிறார்கள். சூடான காற்று மேலே போக வழியில்லாமல் தாளுக்கடியில் தேங்கும். அறைகளின் கதவைத் திறந்து வைத்தாலும் காற்று நகராது. மூடித்தான் ஆகவேண்டுமென்றால், கூரை விளிம்புக்கு மேல் 2 அடி தூக்கி, நாலு பக்கமும் திறந்து விட்டுக் கம்பி வலை மட்டும் அடியுங்கள். தாள் விளிம்பைத் தாண்டி ஒன்றரை அடி நீண்டிருந்தால் சாரல் பெரும்பாலும் வராது.

மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தட்டை மாடி) ஒழுகினால் மேலே 2 அங்குலம் கான்கிரீட் போடுவது இன்னொரு வழக்கம். 10-க்கு 10 அடி அறைக்கு அது ஒரு டன்னுக்கு மேல் பாரம். தாங்க வேண்டியது பழைய தேக்கு உத்தரம். முதலில், உத்தரம் சுவருக்குள் நுழையும் முனையில் மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் உளுத்துவிட்டது, கட்டையை மாற்றியாகவேண்டும். கட்டை நன்றாயிருந்தால், மேலே பதித்த தட்டை ஓடுகளில் உடைந்ததை மட்டும் மாற்றி, இடுக்கைச் சுண்ணாம்பால் அடைத்து, பங்குனிக்குள் வெள்ளை இரண்டு கை அடித்தால் வெயில் ஏறுவது கணிசமாகக் குறையும். ஃபால்ஸ் சீலிங் மட்டும் வேண்டாம். ஒழுகலும் கரையானும் அதற்குள் ஒளிந்து வளரும்.

மர ஜன்னலைக் கழற்றிவிட்டு ஸ்லைடிங் ஜன்னல் வைத்தால், ஒரே நேரத்தில் பாதிதான் திறக்கும். வரும் காற்றும் பாதி. இடுக்கு இருந்தால் ரப்பர் பட்டை ஒட்டினால் போதும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லை ஆசிட் ஊற்றித் தேய்க்காதீர்கள்: அது சிமெண்டால் ஆனது, மேல்முகத்தை ஆசிட் அரித்துவிடும்.

கூரையும் வளவும் சரியான பின் ஒரு சித்திரை, வைகாசி கழியட்டும். பழைய 75 வாட் விசிறிகளை 30 வாட் அளவில் மின்சாரம் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி (BLDC) விசிறிகளாக மாற்றிப் பாருங்கள். அதன் பிறகும் எந்த அறையில் புழுங்குகிறதோ அதற்கு மட்டும் ஏசி, 26 டிகிரியில், விசிறியோடு. அதிலிருந்து சொட்டும் தண்ணீர்க் குழாயைச் சுவரடியில் விட்டுவிடாமல் தூம்பு வரை இழுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஈரம் புதிதாக அங்கிருந்தே ஏறும்.