பயிற்சி பலித்ததா? ஒற்றை நபர் ஆய்வின் வரைபடத்தைப் படிப்பது எப்படி

ஒற்றை நபர் ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது. தலையீட்டுக்கு, அதாவது நாம் தரும் பயிற்சிக்கோ உதவிக்கோ முன் அந்த நபர் எப்படி இருந்தார் என்பதுதான் ஒப்பீடு. அதனால் சராசரியைவிட, புள்ளிகள் எந்த வரிசையில் வந்தன என்பது முக்கியம்.

படி 1: எண்ணிக்கையை நம்பலாமா?

அரை மணி நேர வகுப்பில் ஒரு மாணவன் எத்தனை முறை இடத்தைவிட்டு எழுகிறான் என்று எண்ணுவதாக வைத்துக்கொள்வோம். எதை 'எழுவது' என்று கொள்கிறோம் என்பதை முதலிலேயே எழுதி வையுங்கள். ஐந்தில் ஒரு பங்கு அமர்வுகளிலாவது இன்னொருவரும் தனியாக எண்ணட்டும். இருவர் கணக்கும் குறைந்தது 80 சதவீதம் ஒத்துப்போக வேண்டும்.

படி 2: அடிப்படை நிலையைப் பாருங்கள்

தலையீட்டுக்கு முன் ஐந்து நாள் (இதுதான் அடிப்படை நிலை): 9, 11, 8, 10, 12. உட்கார்ந்திருக்கும்போது பாராட்டத் தொடங்கிய பின் ஐந்து நாள்: 6, 4, 5, 3, 2. சராசரி 10-லிருந்து 4-க்கு இறங்கிவிட்டது. பலித்தது போலத்தான் தெரிகிறது.

சரி, முதல் ஐந்து எண்களையும் வரிசை மாற்றிப் போடுவோம்: 12, 11, 10, 9, 8. சராசரி அதே 10தான். ஆனால் இந்த மாணவன் நாம் எதுவும் செய்யாமலே தினமும் ஒன்று குறைத்து வந்திருக்கிறான். அந்தக் கோட்டை அப்படியே நீட்டினால் 7, 6, 5, 4, 3. நமக்குக் கிடைத்த எண்களும் ஏறக்குறைய அவையேதான்! இங்கே பாராட்டுக்குப் பெருமை சேர்க்க இடமில்லை. அடிப்படை நிலை ஏற்கெனவே நல்ல பக்கம் நகர்ந்துகொண்டிருந்தால், அது நிலைக்கும்வரை காத்திருங்கள்.

படி 3: மாறிய இடத்தை உற்றுப் பாருங்கள்

முதல் வரிசைக்கே திரும்புவோம். தலையீட்டுக்கு முந்தைய மூன்று நாள் சராசரி 10, பிந்தைய மூன்று நாள் சராசரி 5. மாற்றம் உடனே வந்திருக்கிறது. பல நாள் கழித்து மெதுவாக வந்திருந்தால், இடையில் வேறு ஏதாவது நடந்ததா என்று விசாரிக்க வேண்டியிருக்கும்.

படி 4: இரு கட்டப் புள்ளிகளும் எவ்வளவு கலக்கின்றன?

அடிப்படை நிலையின் மிகச் சிறிய எண் 8. தலையீட்டின் ஐந்து புள்ளிகளும் அதற்குக் கீழே இருப்பதால் கலப்பே இல்லை, அதாவது கலக்காத புள்ளிகள் 100 சதவீதம். எளிய கணக்குதான், ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள். முன்பு 8 வந்த நாளில் மாணவன் உடம்பு சரியில்லாமல் சோர்ந்திருந்து 1 என்று பதிவாகியிருந்தால், இதே கணக்கு பூஜ்யம் காட்டும். அந்த 1 இருக்கும்போதே ஒவ்வொரு புள்ளியையும் எதிர்க் கட்டத்தின் ஒவ்வொரு புள்ளியோடும் ஒப்பிட்டால், 25 ஜோடிகளில் 20 நமக்குச் சாதகம், அதாவது 0.80. எனக்கு இந்த முறைதான் நியாயமாகப் படுகிறது. அப்போதும் படி 2-இல் பார்த்த இறங்குமுகத்தை இது பிடிக்காது. கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

படி 5: மறுபடியும் நடக்கிறதா?

ஒரு தடவை மாறியது தற்செயலாக இருக்கலாம். பாராட்டை நிறுத்தினால் எண்ணிக்கை ஏறி, மீண்டும் தொடங்கினால் இறங்க வேண்டும். வெவ்வேறு நேரங்களில் குறைந்தது மூன்று முறை விளைவு தெரிய வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து புள்ளிகள் இருப்பது நல்லது.

தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் நடத்தை என்றால், பலன் தரும் உதவியைச் சோதனைக்காக நிறுத்துவது சரியல்ல. கற்றுக்கொண்ட வாசிப்பையோ, பயிற்சியை நிறுத்தினாலும் மறக்கவைக்க முடியாது. அப்போது மூன்று பேரிடம் வெவ்வேறு நாளில் தலையீட்டைத் தொடங்குங்கள். அவரவர் முறை வரும்போது மட்டும் அவரவர் கோடு மாற வேண்டும். முதல் ஆளுக்குத் தொடங்கியதுமே மற்ற இருவரின் கோடுகளும் சேர்ந்து இறங்கினால், மூவருக்கும் பொதுவாக வகுப்பில் வேறென்ன மாறியது என்று தேடுங்கள்.