வருடக் கடைசி இசை அல்பப் பட்டியல்: நான் விட்ட பிழைகளை நீங்களும் விடாதீர்கள்

மார்கழி வந்தால் யாழ்ப்பாணத்தில் விடியப்புறமே கோயில் ஒலிபெருக்கிகளில் திருவெம்பாவை தொடங்கிவிடும். குருநகர்ப் பக்கம் போனால் இரவில் கரோல் பாட்டு. மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருக்கும் அந்த நாட்களில்தான் எங்கள் ஆட்களிடமிருந்து பட்டியல்களும் வரத் தொடங்கும். அந்த வருடம் வெளிவந்த அல்பங்களில் தனக்குப் பிடித்ததை, ஆளுக்குப் பத்துக்கு மேற்படாமல், எழுதி மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டும். கொக்குவிலில் ஒரு வாசிகசாலை விறாந்தையில் ஐந்து பேராகத் தொடங்கிய பழக்கம் இது. இன்று வெளிநாட்டில் இருப்பவர்களையும் சேர்த்தால் நூற்று நாற்பது பேர்.

கடந்த மார்கழியில் புதிதாக மூன்று தம்பிமார் பட்டியல் அனுப்பினார்கள். வாசிக்க வாசிக்க எனக்கு மனம் பதைத்தது. நான் முன்பு விட்ட அதே பிழைகள், ஒன்றும் குறையாமல். பாடகர் பெயரை மாற்றி எழுதுவது, போன வருடத்து அல்பத்தை இந்த வருடத்தில் சேர்ப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை ஒருமுறை விட்டால் தானாகவே திருந்திவிடும். தானாகத் திருந்தாதவற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நினைவிலிருந்து எழுதுவது

மார்கழியில் உட்கார்ந்து யோசித்தால் ஐப்பசியும் கார்த்திகையும்தான் ஞாபகம் வரும். தையில் கேட்டு இரண்டு கிழமை தூக்கமில்லாமல் செய்த அல்பம் மறந்துபோயிருக்கும். இதற்கு ஒரு சி.ஆர். கொப்பி போதும். கேட்ட அன்றே பெயரையும் திகதியையும் ஒரு வரியையும் எழுதிவையுங்கள். என்னுடைய கொப்பியில் ஒரு வரி இப்படி இருக்கிறது: "மூன்றாவது பாட்டில் வயலின் நின்றதும் அறையில் மின்விசிறிச் சத்தம் கேட்டது." எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த அல்பம் முழுவதும் திரும்பி வந்தது.

"அண்ணை, ஸ்பொட்டிஃபையே கணக்குப் பார்த்துத் தருகுதே" என்று ஒரு தம்பி கேட்டான். பாட்டுக் கேட்கும் அந்தச் செயலி வருடக் கடைசியில் தருகிறதுதான். ஆனால் அது எண்ணுவது நீங்கள் எத்தனை தரம் போட்டீர்கள் என்பதை. என் போனில் அதிகம் ஓடியது மகளைச் சாப்பிட வைக்கப் போட்ட குழந்தைப் பாட்டுகள். மிகவும் பிடித்த அல்பத்தை நான் வருடத்தில் நாலு தரம்தான் கேட்டிருப்பேன், ஏனென்றால் அதைக் கேட்க ஒரு மணித்தியாலம் தனியாக இருக்க வேண்டும். இன்னொன்று, அந்த ஆண்டுக் கணக்கு பொதுவாக டிசம்பர் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. வருடத்தின் கடைசிக் கிழமைகள் அதில் இல்லை.

பாடகி கானவ்யாவின் "டோட்டர் ஒஃப் எ டெம்பிள்" 2024 நவம்பர் நடுவில்தான் வெளிவந்தது. ஜாஸ் இசைஞர்களான ஜோன் கோல்ட்ரேன், அலிஸ் கோல்ட்ரேன் இருவரின் இசையையும் நம் பக்திப் பாடல் மரபோடு பலர் கூடிப் பாடிச் சேர்த்த அல்பம். அவசரப்பட்டுக் கார்த்திகையிலேயே பட்டியலை மூடியவர்கள் ஒருவரிடமும் அது இல்லை. நானும் அந்த வருடம் முந்திக்கொண்டவன்தான். அதனால் இப்போதெல்லாம் தைப்பொங்கல் முடிந்த பிறகுதான் என் பட்டியலை அனுப்புகிறேன்.

ஒரு பாட்டுக்காக அல்பத்தைச் சேர்ப்பது

நமக்குப் படத்துப் பாட்டுக் கேட்டு வளர்ந்த காது. ஐந்து, ஆறு பாட்டு, ஒவ்வொன்றும் படத்தில் ஒவ்வோர் இடத்துக்காகப் போட்டது. அதில் ஒன்று பிடித்தால் மொத்தமும் நல்லது என்று சொல்லிப் பழகிவிட்டோம். அல்பம் என்று தனியாகச் செய்பவர் முதல் பாட்டுக்குப் பிறகு ஏன் இரண்டாவதை வைத்தேன் என்று நாட்கணக்கில் யோசித்திருப்பார். இசைத்தட்டுக் காலத்தில் ஒரு பக்கத்தில் இருபது, இருபத்திரண்டு நிமிடம்தான் வடிவாகப் பதியலாம். அதனால் முதல் பக்கத்தை எந்தப் பாட்டில் முடிப்பது, தட்டைத் திருப்பியதும் எதில் தொடங்குவது என்பதெல்லாம் இசைஞரின் வேலையாக இருந்தது. இன்றைக்கும் நல்ல அல்பங்களில் நடுவில் அப்படி ஒரு மூச்சு விடும் இடம் இருக்கும்.

என் சோதனை பருத்தித்துறை பஸ். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஏறி உட்கார்ந்து முதல் பாட்டைப் போடுவேன். கோப்பாய், நீர்வேலி, புத்தூர் தாண்டி வல்லை வெளிக்கு வரும்போது, இரண்டு பக்கமும் தண்ணீரும் காற்றுமாக இருக்கும் அந்த இடத்தில், அல்பம் என்னைத் தன்னோடு வைத்திருக்கிறதா, அல்லது போனை எடுத்து அடுத்த பாட்டுக்குத் தாவ விரல் போகிறதா என்று பார்ப்பேன். தாவினால் அந்தப் பாட்டின் பெயரை மட்டும் கொப்பியில் எழுதுவேன், பட்டியலில் அல்பம் வராது.

பாட்டுகளைக் கலைத்துப் போடும் பொத்தானை மறக்காமல் நிறுத்துங்கள். 2021 நவம்பரில் பாடகி அடேல் கேட்டுக்கொண்டதால்தான் ஸ்பொட்டிஃபை, காசு கட்டும் கணக்குகளில் அல்பங்களை வரிசைப்படியே முதலில் ஓட விட்டது. ஓர் இசைஞர் வரிசைக்காக அந்தளவுக்கு மல்லுக்கட்டியிருக்கிறார். கேட்கிற நாமும் கொஞ்சம் மதிக்கலாம்.

இலக்கம் போடுவது

போடாதீர்கள். ஏழாவது என்று நீங்கள் எழுதியதை ஒருவரும் திறந்து பார்க்கப்போவதில்லை.

பாட்டுக் கோப்புகளைச் சேர்த்து அனுப்புவது

இதைத்தான் சொல்ல வந்தேன். மற்ற எல்லாப் பிழைகளையும் மன்னித்துவிடலாம். இது இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருகிறது, ஏனென்றால் செய்தவன் நான்.

வலிகாமத்தில் ஒரு தம்பி 2024 பங்குனியில் ஏழு பாட்டுள்ள அல்பம் ஒன்றை வெளியிட்டான். வீட்டில் ஓர் அறைச் சுவரெல்லாம் முட்டை அட்டையும் பழைய மெத்தையும் அடித்து, மழைச் சத்தம் கேட்காத இரவுகளாகப் பார்த்துப் பதிந்தது. கடைசிக் கலவை வேலைக்குக் கொழும்பில் ஓர் ஒலிப்பதிவுக்கூடத்துக்குக் காசு கட்ட, தாயின் ஒரு சோடிக் காப்பு அடைவுக்குப் போனது. வெளியிடுவதற்கு ஒரு கிழமைக்கு முன்பு கேட்டுப் பார்க்கச் சொல்லி ஒரு பென் டிரைவில் எனக்குத் தந்திருந்தான்.

அந்த மார்கழிப் பட்டியலில் அவனுடையதைத்தான் நான் முதலில் எழுதினேன். எழுதியதோடு நிற்காமல், டேட்டா இல்லாதவர்களும் வயதானவர்களும் கேட்கட்டும் என்று அந்த ஏழு பாட்டையும் வட்ஸ்அப்பில் அப்படியே போட்டுவிட்டேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். பின்னேரத்துக்குள் அவை லண்டனுக்கும் டொரன்டோவுக்கும் போய், வேறு ஆட்கள் வழியாக எனக்கே திரும்பி வந்தன. வரும்போது பெயர் இல்லை. வட்ஸ்அப்பில் போனில் இறங்கும் பாட்டுக்கு ஏ, யூ, டி என்று மூன்றெழுத்து, திகதி, பிறகு ஓர் இலக்கம். அவ்வளவுதான். பாடியவர், எழுதியவர், வயலின் வாசித்த மைத்துனன், ஒருவர் பெயரும் அதில் இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாமத்திய வீட்டு வீடியோவில் மூன்றாவது பாட்டு ஓடியது. சித்திரையில் யாரோ நல்லூர்க் கோபுரத்தின் படம் ஒன்றைப் போட்டு "ஈழத்துச் சோக கீதம்" என்று யூடியூபில் ஏற்றியிருந்தார்கள். நான் பார்த்தபோது நாற்பதாயிரம் பேர் கேட்டிருந்தார்கள். கீழே எல்லோரும் "யார் பாடியது?" என்று கேட்கிறார்கள். ஒருவர் வேறொருவர் பெயரைச் சொல்ல, மற்றவர்கள் ஆமோதிக்கிறார்கள்.

அன்றைக்கு அந்தத் தம்பி ஸ்பொட்டிஃபையில் இசைஞருக்கென்று இருக்கும் தன் கணக்கைத் திறந்து எனக்குக் காட்டினான். அதே மூன்றாவது பாட்டைக் கேட்டது 612 தரம். மற்றவை அதற்கும் கீழே. 2024 தொடக்கம் அங்கே ஒரு விதி இருக்கிறது: பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தரமாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பங்குப் பணம் கிடையாது. ஆயிரத்தைத் தாண்டினாலும் வருவது சில டொலர்தான், அதால் காப்பை மீட்க முடியாது. உண்மையான நட்டம் வேறு இடத்தில். கொழும்பில் ஒரு மேடைக்கு அவனைக் கூப்பிட யோசித்தவர்கள் அவனுடைய ஸ்பொட்டிஃபைப் பக்கத்தைத்தான் பார்த்தார்கள். எல்லாப் பாட்டும் ஆயிரத்துக்குக் கீழே என்று இருந்ததைப் பார்த்துவிட்டு வேறொருவரைக் கூப்பிட்டார்கள்.

"அண்ணை, எல்லாரும் கேட்டிருக்கினம். ஆனா ஒருத்தரும் என்ர பக்கத்துக்கு வரேல்லை" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதைச் சொன்னால், "நாங்கள் பிரதி எடுத்துக் கேட்ட ஆட்கள்தானே" என்று என் வயதுக்காரர் சிலர் கேட்பார்கள். ஓம், எடுத்தோம். தொண்ணூறுகளின் முதல் பாதியில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வந்த மின்சாரத்தில் கசற் கேட்டோம். சுற்றுபவர் களைத்தால் பாடகருக்கும் குரல் இழுத்துவிடும். பிரதியின் பிரதிதான் எங்களுக்குக் கிடைத்தது, அதற்காக நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். அப்போது வேறு வழி இருக்கவில்லை. ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். டவுனில் ரெக்கோடிங் பார் வைத்திருந்தவர்கள் தொண்ணூறு நிமிடக் கசற்றில் பாட்டுப் பதிந்து தரும்போது, உள்ளே இருக்கும் அட்டையில் படம், பாடியவர், இசை என்று குண்டெழுத்தில் வரிசையாக எழுதித் தருவார்கள். அந்த அட்டையைப் பார்த்துத்தான் நான் பெயர்களைப் பாடமாக்கினேன். மின்சாரம் இல்லாத ஊரில் பாட்டோடு பெயரும் வந்தது. இவ்வளவு வசதியுள்ள காலத்தில் நான் பெயரைக் களைந்து அனுப்பியிருக்கிறேன்.

ஆகவே லிங்கை அனுப்புங்கள், அதுவும் பாடியவரின் சொந்தப் பக்கத்து லிங்கை. வேறு யாரோ ஏற்றிய யூடியூப் பிரதி வேண்டாம். ஸ்பொட்டிஃபையில் முப்பது வினாடி ஓடினால்தான் ஒரு தரம் கேட்டதாகக் கணக்கு, எனவே "தொடக்கம் மெதுவாக இருக்கும், பொறுத்திருந்து கேளுங்கள்" என்று ஒரு சொல் சேர்த்து எழுதுங்கள். அல்பத்தைக் காசு கொடுத்து வாங்கும் பாண்ட்காம்ப் தளத்தில் இருந்தால் முதலில் அதைக் கொடுங்கள். அங்கே இறக்கிக் கேட்கும் அல்பங்களுக்கு அந்தத் தளம் எடுப்பது பொதுவாக 15 சதவீதம், மிச்சத்தில் பெரும்பகுதி இசைஞருக்கு. 2020 தொடக்கம் சில வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் எடுக்காமல் விடுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் மாமா, சித்தப்பாமாருக்கு அந்த நாளைச் சொல்லி வாங்கச் சொல்லலாம். டேட்டா இல்லாத ஐயா, அம்மாவுக்கு? வீட்டுக்குக் கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்து, உங்கள் போனிலேயே போட்டுக் காட்டுங்கள்.

கடந்த மார்கழியில் வந்த மூன்று பட்டியல்களில் ஒன்றோடு ஒன்பது அல்பங்களும் கோப்புகளாக ஒட்டிக்கொண்டு வந்தன. அன்றிரவே அந்தப் பொடியனுக்குப் போன் எடுத்தேன்.

நம்மவர் என்பதற்காகச் சேர்ப்பது

2021 இல் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி போலின் "மேட் இன் ஜஃப்னா" வந்தபோது எங்கள் பட்டியல்களில் பாதிக்கு மேல் அது இருந்தது. என்னுடையதிலும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து டொரன்டோவில் வளர்ந்தவர், அல்பத்தின் பெயரிலேயே ஊர் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? நான் எழுதியது, "நம் மண்ணின் மைந்தன், கட்டாயம் கேளுங்கள்". அவ்வளவுதான். அதை வாசித்த லண்டன் மருமகள் ஒருத்தி, "மாமா, பாட்டு எப்பிடி எண்டு சொல்லவே இல்லையே" என்று கேட்டாள். அவள் கேட்டது சரி. அல்பத்துக்கு முன்பே அவர் மிருதங்கத்தோடு ராப்பைச் சேர்த்து ஒரு வரிசை செய்திருந்தார். சொற்கட்டு எங்கே விழ, ஆங்கிலச் சொல் எங்கே விழுகிறது என்று காதைக் கொடுத்தால், இணுவில் தவில்காரர்களைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அதில் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. பிறந்த ஊரை எழுதிவிட்டுக் கைத்திறனை விட்டுவிட்டேன்.

இந்த வருடத்துத் தம்பிமாரின் பட்டியலிலும் நாலு இடத்தில் "நம்மவர்" இருந்தது. நம்மவர் என்றால் இன்னும் கவனமாகக் கேட்டு, பிடித்ததையும் பிடிக்காததையும் எழுதுங்கள். ஆறாவது பாட்டு நீளம் கூடிவிட்டது என்று எழுதினால் அவர் சாகமாட்டார். முழுவதையும் கேட்டிருக்கிறார் என்று சந்தோஷப்படுவார்.

"சூப்பர்" என்று மட்டும் எழுதுவது

எந்தப் பாட்டில் தொடங்குவது, எந்த நேரத்தில் கேட்பது, எதற்காக. மூன்று வரி போதும்.

கேட்காததைச் சேர்ப்பது

வேண்டாம். யாராவது ஒருவர் ஐந்தாவது பாட்டைப் பற்றி உங்களிடம் கேட்பார்.

அந்த வலிகாமத் தம்பி இரண்டாவது அல்பத்துக்குப் பதியத் தொடங்கியிருக்கிறான். சென்ற கிழமை இரண்டு பாட்டைத் தன் அறையில் வைத்தே போட்டுக் காட்டினான். பென் டிரைவைத் தரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் தம்பி, வெளிவரும் அன்றைக்கு லிங்கை அனுப்பு என்றேன். கொப்பியில் அவன் பெயருக்கு ஒரு பக்கம் விட்டுவைத்திருக்கிறேன்.